வெள்ளைச் சட்டைக்காரன் நின்ற இடம்

முருகையனுக்குக் கூட்டம் ஆகாது. திருவிழாவைப் படமெடுத்துப் பேர் வாங்கிய மனிதருக்குக் கூட்டம் ஆகாது என்றால், மீன்காரிக்கு மீன் வாடை ஆகாது என்ற கதைதான். ஆனாலும் உண்மை அது. தேர் வேண்டும், தேரை இழுக்கிற கைகள் வேண்டும், புழுதி வேண்டும், கற்பூரப் புகை வேண்டும். இழுக்கிறவர்களில் எவனாவது ஒருவன் திரும்பிக் கேமராவைப் பார்த்து இளித்துவிட்டால் மட்டும் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். "என் மூஞ்சியில என்னா சினிமாவா காட்றாங்க? சாமியப் பாருய்யா!" என்று கத்துவார். அவர் கத்தினால் இன்னும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

புதுச்சேரி மிஷன் வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. அப்பா முதலியார்பேட்டையில் பஞ்சாலைத் தொழிலாளி. மகனும் ஆலைக்குத்தான் போவான் என்று எல்லோரும் நினைத்திருக்க, ஆலைச் சங்கு ஊதினாலே தலையை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேமராவைத் தூக்கியவர் முருகையன். பிரான்சுக்குப் போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் படம், கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ எல்லாம் அரிசிக்கும் பருப்புக்கும் ஆயிற்று. மனசு முழுக்க வெளியில்தான் கிடந்தது. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் ஊர் ஊராகச் சாமிகள் வந்து இறங்கும்போது அங்கே நிற்பார். மழை விட்ட மறுநாள் ஊசுட்டேரிக் கரையில் நிற்பார். செஞ்சிக் கோட்டைப் பாறை, வில்லியனூர் மாதா கோயில் தேர், அரிக்கமேட்டில் செடி முளைத்துக் கிடக்கிற பழைய செங்கல் சுவர் என்று சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக அலைவார். கழுத்தில் தொங்குவது இரட்டைக் கண் கேமரா, மேலிருந்து குனிந்து பார்க்கிற வகை. "இன்னா மாமா, கெணத்துல எட்டிப் பாக்கற மாதிரியே பாக்கறீங்க" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

அந்தப் படங்களுக்கு ஊரில் பெரிதாகக் கிராக்கி கிடையாது. ஊரில் இருக்கிறவனுக்கு ஊர்ப் படம் எதற்கு? வாங்கியவர்கள் சொல்தா குடும்பங்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளை பிரான்சில் வைத்திருந்தவர்கள். அவர்களில் மதாம் ஜிசேல் முக்கியமானவர். கணவர் காலமான பிறகு வருஷத்துக்கு ஒருதரம் பாரிசில் இருந்த மகன்களைப் பார்க்கப் போவார். போகும்போது பெட்டியில் ஊறுகாயும் வடகமும் ஒரு பக்கம், முருகையனின் படங்கள் இன்னொரு பக்கம். அங்கே புதுச்சேரிக்காரர்கள் கூடுகிற மண்டபத்தில் அவற்றை மாட்டிவைப்பார்களாம். பார்த்துவிட்டுச் சிலர் அழுவார்களாம். மதாம் இதைச் சொல்லும்போது முருகையன் தலையைக் குனிந்துகொள்வார். காது மட்டும் குனியாது.

படம் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னதும் மதாம்தான். "முருகையா, கேமராவப் பாக்கற ஆளு ஒருத்தன் இருந்தாக்கூட அது திருவிழா படம் இல்லப்பா, குரூப் போட்டோ" என்றார் ஒருநாள். முருகையன் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான். அதன் பிறகு அவர் படத்தில் கரண்ட் கம்பி இருக்காது, உலர்த்திய சேலை இருக்காது, நாய் இருக்காது, இளிக்கிற ஆள் இருக்க மாட்டான். விரட்ட முடிந்தவர்களை விரட்டுவார். முடியாதவர்களைக் கடைக்கு வந்து பிளேடால் எடுப்பார்.

அது ஒரு தனி வேலை. ஜன்னல் ஓரத்தில் கண்ணாடிப் பலகையைச் சாய்த்து, அதன்மேல் நெகட்டிவை வைத்து, பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு உட்கார்வார். வெள்ளைச் சட்டைக்காரன் நெகட்டிவில் கறுப்பாக இருப்பான். பிளேடின் முனையால் அந்தக் கறுப்பை மூச்சுவிடாமல் சுரண்டினால், படம் போடும்போது அந்த இடம் இருட்டாகிப் பின்னால் இருக்கிற கூட்டத்தோடு கலந்துவிடும். ஆள் நின்றதாகவே தெரியாது. பிசகினால் நெகட்டிவ் கிழிந்துபோகும். முருகையனுக்குப் பிசகியதே இல்லை. "சுத்தம் சோறு போடும்" என்று பிளேடைத் துடைத்துக்கொண்டே சொல்வார். அவர் மனைவி கன்னியம்மாள், "மனுசன அழிக்கறதெல்லாம் ஒரு சுத்தமா?" என்பாள். அவளுக்கு ஃபோட்டோ பற்றி என்ன தெரியும் என்று அவர் பதிலே சொல்வதில்லை.

வீராம்பட்டினத்தில் ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளி தேர். பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே கவர்னர் வந்து வடம் தொட்டால்தான் அம்மன் தேர் நகரும் என்பது வழக்கம். ஜனங்கள் கடலிலிருந்து கிளம்பி வந்ததுபோல் நிற்பார்கள். கட்டை ஆசாமியான முருகையனுக்கு அந்தக் கூட்டத்தில் முதுகுகள்தான் தெரியும். முதல் வருஷம் அவர் முதுகுகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்ப இருந்தபோது, பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "அண்ணே, தூக்கட்டுமா?"

அவன்தான் பாவாடை. வீராம்பட்டினத்துக் கட்டுமரக்காரன். தேக்குக் கட்டையில் செதுக்கினதுபோல் உடம்பு, வாய் நிறையப் பல், வாய் மூடாத பேச்சு. அவன் மனைவி குஞ்சம்மாள் கூடையில் மீன் எடுத்துக்கொண்டு முதலியார்பேட்டைப் பக்கம் விற்க வருவாள். கன்னியம்மாளுக்கு வாடிக்கை. அந்த உறவில் அவன் இவரை அடையாளம் கண்டு வைத்திருந்தான். கேட்டதற்குப் பதில் வருவதற்குள் முருகையனைத் தோளில் ஏற்றிவிட்டான். மேலிருந்து பார்த்தால் தேர் முழுதாகத் தெரிந்தது. வடம் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஆயிரம் கைகள் தெரிந்தன. மதாம் ஜிசேல் பாரிசுக்குக் கொண்டுபோய் ஜனங்களை அழவைத்த படங்கள் எல்லாம் பாவாடையின் தோளிலிருந்து எடுத்தவைதான். கீழே நிற்கிறவன் படத்தில் எப்படி இருப்பான்?

ஒவ்வொரு வருஷமும் இறக்கிவிட்டதும், "என்னையும் ஒண்ணு எடுங்கண்ணே" என்பான்.

"ஃபிலிம் தீந்துடுச்சிடா. அடுத்த தபா."

ஃபிலிம் தீர்ந்திருக்காது. மறுநாள் அரிக்கமேட்டுக்கு வேண்டும் என்று இரண்டு மிச்சம் வைத்திருப்பார். ஒன்றை அவனுக்குச் செலவு செய்திருந்தால் குடிமுழுகிப் போயிருக்காது.

எழுபத்து நாலாம் வருஷம் பாவாடை புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். தலைக்கு எண்ணெய் தடவி வழித்து வாரியிருந்தான். ஒரு மீன் பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டு, "இதுல ஏறிக்குங்க அண்ணே. இந்த வருசம் நான் தூக்க மாட்டேன். நான் போட்டோவுல நிக்கப்போறேன்" என்றான். முருகையன் பெட்டியில் ஏறுவதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வடத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டான்.

கவர்னர் வடத்தைத் தொட்டார். மேளம் முழங்கியது. தேர் ஒரு குலுக்குக் குலுங்கியது. மேகம் விலகி அம்மன்மேல் வெயில் விழுந்தது. அப்படிப்பட்ட வெளிச்சம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை என்று முருகையன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் குனிந்து பார்த்தால் எல்லாம் அதன் அதன் இடத்தில் இருக்கிறது. நடுவுக்குக் கொஞ்சம் இடது பக்கம், எல்லோரும் அம்மனைப் பார்க்க, ஒருவன் மட்டும் அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முப்பத்திரண்டு பல்லும் தெரிய முருகையனைப் பார்த்துச் சிரிக்கிறான். "தள்ளுடா!" என்று கத்தியது மேளத்தில் கேட்கவில்லை. வெளிச்சம் போய்விடும். அமுக்கிவிட்டார். மறு நொடி பாவாடை திரும்பி வடத்தைப் பிடிக்க ஓடிவிட்டான். அவன் நின்றது அந்த ஒரு படத்தில்தான்.

கடைக்கு வந்து கழுவிப் பார்த்தபோது முருகையனுக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்நாளில் எடுத்த நல்ல படம், நடுவில் இந்தத் தடியன். மத்தியானம் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை சுலபமாகப் போயிற்று. முகத்துக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பல்தான் லேசில் போகவில்லை; சுரண்டச் சுரண்ட ஒரு கீற்று நின்றுகொண்டே இருந்தது. அதையும் எடுத்தார். எடுக்கும் முன்பு சின்னதாக ஒரு பிரிண்ட் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பேப்பர் வீண்தானே?

படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, கடை வாசலில் மாட்டினார். போகிறவர் வருகிறவர் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பாவாடை வந்தபோது கடையில் மதாம் ஜிசேல் இருந்தார், வேறு இரண்டு பேரும் இருந்தார்கள். அதே வெள்ளைச் சட்டை. மீன் பிடித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்திருந்தான். படத்தின் முன் நின்று ரொம்ப நேரம் தேடினான்.

"அண்ணே, நான் எங்க?"

மதாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முருகையனுக்கு எரிச்சலும் கூச்சமுமாக இருந்தது. பெரிய மனிதர்கள் முன்னால், உன்னைச் சுரண்டிப் போட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. விளையாட்டாகவே சொல்லிவைத்தார்.

"உன் மூஞ்சி ஃபிலிம்ல உழலடா. சில பேருக்கு அப்பிடித்தான், என்னா பண்ணாலும் உழாது."

எல்லோரும் சிரித்தார்கள். பாவாடையும் சேர்ந்துதான் சிரித்தான். "அது எப்பிடிண்ணே, அவன் கை உழுந்திருக்குது, இவன் கால் உழுந்திருக்குது" என்று இன்னொருமுறை படத்தைப் பார்த்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். விளையாட்டு வினையாகும் என்பது முருகையனுக்குத் தெரியாத பழமொழியா? அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் பாவாடை பழையபடி தோள் கொடுத்தான். என்னை ஒன்று எடுங்கள் என்று கேட்கவில்லை. வேறு யாரையாவது எடுக்க முருகையன் கேமராவைத் திருப்பினால், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கினான்.

"எதுக்குண்ணே ஃபிலிமு பாழாவணும்?"

முருகையன் அவனைப் பார்த்தார். சொன்னது விளையாட்டுக்குடா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சொன்னால் இவன் மறுபடியும் வந்து நடுவில் நிற்பானே? இவன் ஒதுங்குவதும் ஒரு விதத்தில் சௌகரியமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டார். அதற்கடுத்த வருஷமும் விட்டார்.

எழுபத்தேழு ஐப்பசியில் அடித்த ஒரு காற்றில் பாவாடையின் கட்டுமரம் மட்டும் கரை திரும்பியது.

கருமாதிக்கு முருகையனும் கன்னியம்மாளும் போனார்கள். விளக்கு ஏற்றிவைத்திருந்தார்கள், இலை போட்டிருந்தார்கள். மாலை போடப் படம் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை, படமும் இல்லையென்றால் எதைப் பார்த்து அழுவது என்று பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். பாவாடையின் பெரியப்பா பக்கிரி, "ஏம்பா போட்டோக்காரரே, வருசா வருசம் அவன் தோள் மேலதான ஏறிக் குந்துவ. உங்கிட்ட ஒண்ணு இருக்காதா?" என்று கேட்டார்.

முருகையன் வாயைத் திறக்கும் முன்பு குஞ்சம்மாள் குறுக்கே வந்தாள். "அவர ஒண்ணும் கேக்காதீங்க. அவரு எடுத்தாரு. இவரு மூஞ்சிதான் உழல. அம்மா அன்னிக்கே சொல்லிட்டா. ஃபிலிமுல நிக்காத மூஞ்சி மண்ணுல நிக்குமா?"

கூட்டம் "ஆமாம்" என்றது. தேர் அன்றைக்கு, அம்மன் கண்ணெதிரே எடுத்த படம். அம்மன் காட்டியதுதான் என்று கிழவிகள் கும்பிட்டார்கள். அழுகை கொஞ்சம் அடங்கியதுகூட. விதி என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் துக்கத்துக்கு ஒரு பிடி கிடைக்கிறது. முருகையன் அந்தப் பிடியைப் பறிக்க வேண்டாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இலையில் உட்கார்ந்தார்.

பிளேடை விட்டாரா என்றால், இல்லை, விடவில்லை. கை பழகிய வேலை. வாடிக்கையாளர்கள் கேட்கிற வேலை. வீராம்பட்டினம் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். தூக்க ஆள் இல்லை என்று வெளியே சொல்லிக்கொண்டார்.

எண்பத்தைந்தில் குஞ்சம்மாளின் மகள் மணியம்மாளுக்குத் தவளக்குப்பத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை மஸ்கட்டில் மெக்கானிக். அவன் அம்மா தையல்நாயகி பெண்ணைப் பார்த்து மனசாரச் சம்மதித்துவிட்டாள். மகனுக்கு அனுப்ப ஒரு போட்டோ மட்டும் கொடுங்கள், அவன் சரி என்று எழுதினால் தை மாதம் கல்யாணம் என்றாள். குஞ்சம்மாள் போட்டோ மட்டும் கேட்காதீர்கள் என்றாள். ஏன் என்றதற்கு வாயைத் திறக்கவில்லை. பெண்ணுக்கு ஏதோ குறை இருக்கிறது, மறைக்கிறார்கள் என்று தவளக்குப்பத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. ஆவணிக்குள் போட்டோ வராவிட்டால் வேறு பெண் பார்க்கப்போவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

கன்னியம்மாள்தான் இதை முருகையனிடம் சொன்னாள். "அப்பன் மூஞ்சி உழலியே, பொண்ணு மூஞ்சியும் உழலன்னா என்னா பண்றதுன்னு பயப்படறா. ஒரே பொண்ணு. உழலன்னு தெரிஞ்சிட்டா அப்பறம் அவ ஒவ்வொரு நாளும் எப்பிடி இருப்பா? பொண்ண இத்தினி வருசமா ஸ்கூல் போட்டோவுல கூட நிக்க வுடல, தெரியுமா? நீங்கதான் சொல்லணும். உண்மையிலயே அப்பிடி உழாம இருக்குமா?"

முருகையன் அன்று முழுவதும் கடையைத் திறக்கவில்லை. சாப்பிட்ட தட்டில் கையைக் கழுவிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை குஞ்சம்மாள் வழக்கம்போல் வாசலில் கூடையை இறக்கினாள். கன்னியம்மாள் சட்டியோடு வந்தாள். முருகையனும் வந்து படியில் உட்கார்ந்தார். மீன் வாங்குகிற இடத்துக்கு அவர் வருகிற வழக்கமே கிடையாது.

"குஞ்சம்மா, மணியக் கூட்டிக்கினு கடைக்கு வா. நான் எடுக்கறேன். நல்லா உழும்."

"வேணாம்ணே. உழலன்னா என் மனசு தாங்காது. அவருக்கு உழலியே."

"உழுந்துச்சி."

"என்னாண்ணே?"

"பாவாடை மூஞ்சி ஃபிலிம்ல நல்லா உழுந்துச்சி குஞ்சம்மா. பல்லு, சட்டை, எல்லாம். நான்தான் பிளேடால சொரண்டி எடுத்துட்டேன். உழலன்னு சொன்னது வெளையாட்டுக்கு."

குஞ்சம்மாள் கையில் ஒரு கானாங்கெளுத்தி இருந்தது. அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மாள் முருகையனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு சொரண்டினீங்க?"

"படம் நல்லா இருக்கணும்னு."

"அவரு இருந்தா நல்லா இருக்காதா?"

எத்தனையோ வருஷமாக முருகையன் வைத்திருந்த பதில்கள் ஒன்றும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. குஞ்சம்மாள் மீனைக் கூடையில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"அந்தக் கடைசி மூணு வருசம், கடலுக்குப் போறப்பல்லாம் என்னக் கூப்புடுவாரு. 'குஞ்சம்மா, என் மூஞ்ச நல்லாப் பாத்து வெச்சிக்க, படத்துல வராது'ன்னுவாரு. பொழுதன்னிக்கும் இதே பேச்சான்னு நான் சோத்துப் பானையப் பாத்துக்கினே 'சரி சரி'ன்னுவேன். புதுப் படகுல பங்கு எடுங்கன்னாங்க, நமக்கு எத்தினி நாளைக்குன்னு எடுக்கல. அம்மா முடிவு பண்ணிட்டான்னு நெனச்சிக்கினே போனாருண்ணே. அந்த ஆளு மூணு வருசம் அப்பிடியே இருந்தாரு."

"தெரியாம..." என்று ஆரம்பித்தார் முருகையன்.

"நான் வேற அம்மா மேல பழியப் போட்டேன்" என்றாள் அவள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். கன்னியம்மாள் வாங்கிய மீனுக்குக் காசுகூடக் கேட்கவில்லை. அந்த மீனை அந்த வீட்டில் யாரும் சமைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு குஞ்சம்மாள் அந்தத் தெருவுக்கு மீன் கொண்டு வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். மணியம்மாள் பச்சைப் புடவையும் கனகாம்பரமுமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையையே பார்த்தாள். முருகையன் அவளிடம் சொன்னார்: "இங்க பாரும்மா. நேரா கேமராவப் பாரு." தேருக்கும் கோட்டைக்கும் ஓடித் திரிந்த இத்தனை வருஷத்தில், அந்த வார்த்தையை மனசார அவர் சொன்னது அன்றைக்குத்தான். அன்று மாலையே கழுவி, பிரிண்ட் போட்டு, ஈரம் காயும் முன் எடுத்துவந்து காட்டினார். மணியம்மாள் தன் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் பல் அப்படியே இருந்தது.

குஞ்சம்மாள் மகளின் படத்தைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். பிறகு வாசலில் மாட்டியிருந்த தேர்ப் படத்தைக் காட்டினாள்.

"அத எனக்குக் குடுங்க."

"அதுல அவன் இல்லியே குஞ்சம்மா."

"நின்னாரு இல்ல? எங்க நின்னாரு, காட்டுங்க."

முருகையன் சட்டத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். வடத்துக்கு இடது பக்கம், கூட்டத்தின் நிழலில், யாரும் இல்லாத ஒரு கறுப்பு. அவ்வளவு நேர்த்தியாகச் செய்த வேலை. தேடிக் கண்டுபிடிக்க அவருக்கே ஒரு நிமிஷம் ஆயிற்று. விரலை வைத்தார். "இதுவரைக்கும் சட்டை. இங்க மூஞ்சி."

குஞ்சம்மாள் தலையை ஆட்டினாள். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மகளோடு பஸ் ஏறப் போனாள்.

அதன் பிறகு முருகையன் பிளேடு பிடிக்கவில்லை. யார் இளித்தாலும் இளித்தபடியே பிரிண்ட் போட்டார். மதாம் ஜிசேல் ஒருமுறை மாசி மகப் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா முருகையா, கண்ட கண்ட ஆளெல்லாம் நிக்கிறாங்க? கை போயிடுச்சா?" என்றார். "ஆமா மதாம், போயிடுச்சி" என்றார் முருகையன். மதாம் அந்த வருஷம் நான்கு படம்தான் எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் வேறு ஒருவரிடம் கலர்ப் படம் வாங்கினார்.

மஸ்கட்டிலிருந்து சரி என்று கடிதம் வந்து, சொன்னபடி அந்தத் தை மாதமே மணியம்மாளுக்குக் கல்யாணம். "அம்மா உங்களத்தான் போட்டோ எடுக்க வரச் சொன்னாங்க" என்று மணியம்மாளே வந்து பத்திரிகை கொடுத்தாள். முருகையன் வீராம்பட்டினத்துக்குப் பல வருஷம் கழித்துப் போனார். சின்ன வீடு. உள்ளே போனதும் எதிர்ச் சுவரில் தேர்ப் படம் மாட்டியிருந்தது. சாமந்தி மாலை போட்டிருந்தது. முன்னால் அகல்விளக்கு எரிந்தது. கண்ணாடிமேல் ஒரு குங்குமப் பொட்டு.

மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி, "பாரேன், தேருக்கே மாலையும் பொட்டும் வெச்சிக் கும்புடறா. அம்மா மேல அம்மாம் பக்தி" என்றாள். பக்கத்திலிருந்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பொட்டு தேரில் இல்லை, அம்மன்மேலும் இல்லை. வடத்துக்கு இடது பக்கம், அந்தக் கறுப்பில், முருகையன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் சரியாக நெற்றி உயரத்துக்கு இருந்தது.

பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு வந்து படத்தின் கீழே விழுந்து கும்பிட்டார்கள். குஞ்சம்மாள் அவர்களை எழுப்பி, சுவரை ஒட்டி நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்றாள். கருமாதிக்குப் பிறகு அவள் முருகையனை நேராகப் பார்த்துப் பேசியது மூன்றே முறைதான். முதல் முறை, மீன் கூடைக்கு முன்னால். அடுத்தது, கடையில். இது மூன்றாவது.

"எல்லாரும் உழறாப்பல எடுங்கண்ணே" என்றாள்.

முருகையன் குனிந்து கண்ணாடியில் பார்த்தார். மணியம்மாள், மாப்பிள்ளை, குஞ்சம்மாள், அவர்கள் தலைக்குமேல் தேர், தேரின் ஓரத்தில் அந்தப் பொட்டு. எல்லாம் தெரிந்தது. கண்ணில் நீர் நிறைந்து எதுவும் தெரியாமல் போகும் முன்பு அமுக்கிவிட்டார்.